பித்தக் குழாய் அடைபட்டால் கால் ஏன் வீங்குகிறது?

கண் மஞ்சளித்துவிட்டால் நமது கிராமங்களில் அதற்கு ஒரே பெயர்தான், செங்கண்மாரி. வைத்தியமும் பெரும்பாலும் ஒன்றுதான். கீழ்க்காய்நெல்லியை அரைத்து மோரிலோ பாலிலோ கரைத்துக் கொடுப்பார்கள். எண்ணெய் ஆகாது, மீன் ஆகாது, முட்டை ஆகவே ஆகாது என்று பத்தியம் விதிப்பார்கள். சில கிழமைகளில் மஞ்சள் இறங்கிவிடும். மருந்து கொடுத்தவருக்கு நல்ல பெயரும் கிடைத்துவிடும். இவ்வாறு இறங்கிப்போவது பெரும்பாலும் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ‘ஈரலழற்சி ஏ’ என்னும் வைரசு நோயாகும். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மிகப் பெரும்பாலானோரில் அது தானாகவே மாறும். ஆகவே அந்த நோயைப் பொறுத்தவரையில் கைமருந்தை நாம் ஏசவும் வேண்டியதில்லை, புகழவும் வேண்டியதில்லை.

ஆனால் கண் மஞ்சளாவதற்கு வேறொரு வழியும் உண்டு. ஈரலில் இருந்து பித்தத்தைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் குழாய் எங்கோ ஓரிடத்தில் அடைபட்டுப் போவது. இந்த மஞ்சள் காத்திருப்பதால் இறங்குவதில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் நோயாளியின் உடல் மெலியும், ஆனால் கால் வீங்கும். பின்னர் வயிற்றில் நீர் கட்டும். அந்த நேரத்தில் வைத்தியசாலையில் குருதியைச் சோதித்தால் ‘அல்புமின் குறைந்துவிட்டது’ என்பார்கள். பித்தக் குழாயில் உள்ள ஓர் அடைப்பு குருதியில் உள்ள ஒரு புரதத்தை எவ்வாறு குறைக்கிறது? வீட்டார் கேட்கத் தயங்கும் இந்தக் கேள்விக்கு, பரபரப்பான வாட்டில் வைத்தியருக்கும் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அதனால் இந்த இதழில் அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஈரலின் இரண்டு வேலைகள்

வளர்ந்த ஒருவரின் ஈரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ நிறையுடையது. வயிற்றின் வலப்புறம் விலாவின் கீழ் ஒதுங்கியிருக்கும் இந்த உறுப்பு செய்யும் வேலைகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, பித்தத்தைச் சுரப்பது. நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தம் சுரக்கிறது. அது நூலிழை போன்ற சிறு குழாய்களில் சேர்ந்து, பின்னர் பெரிய குழாய்களாகி, கடைசியில் 7 அல்லது 8 சென்ரிமீற்றர் நீளமான ஒரு பொதுக் குழாய் வழியே முன்சிறுகுடலில் விழுகிறது. இடையில் பித்தப்பை அதைச் சேமித்து வைத்து, நாம் கொழுப்புள்ள உணவை உண்ணும்போது பிழிந்து விடுகிறது. பித்தத்தில் உள்ள உப்புகள், சவர்க்காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுபோலக் கொழுப்பை நுண்துளிகளாக்கும். அப்போதுதான் கொழுப்பும், அதில் கரையும் விற்றமின்களான ஏ, டி, ஈ, கே என்பனவும் உடலில் சேரும். பித்தத்துக்கு நிறத்தைக் கொடுப்பது பிலிருபின். ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து முடிந்த செங்குருதிக் கலங்கள் உடைவதால் வரும் கழிவு அது. மலத்தின் பழுப்பு நிறம் இந்தப் பிலிருபினால்தான் வருகிறது.

இரண்டாவது வேலை, அல்புமினைத் தயாரிப்பது. குருதியின் நீர்ப்பகுதியில் உள்ள புரதங்களில் பாதிக்கும் மேற்பட்டது அல்புமின். இதை உடலில் வேறெந்த உறுப்பும் தயாரிப்பதில்லை. சுகதேகியான ஒருவரின் ஈரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் வரை தயாரித்துக் குருதியில் விடுகிறது. ஆய்வுகூட அறிக்கையில் ஒரு டெசிலீற்றர் குருதிப்பாயத்தில் 3.5 முதல் 5 கிராம் வரை இருந்தால் அது சரியான அளவு. சில ஆய்வுகூடங்கள் இதையே லீற்றருக்கு 35 முதல் 50 கிராம் என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான், பயப்படத் தேவையில்லை.

அல்புமினின் பயன் என்ன? குருதிக் குழாய்களுக்குள் நீரைப் பிடித்து வைத்திருப்பது அதன் தலையாய பணி. குருதிப் புரதங்களால் ஏற்படும் பிரசாரண அமுக்கத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அல்புமினால் வருவது. வயல் வரம்பு நீரை மறித்து நிறுத்துவதை அறிந்த நமக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல, ஆனால் வரம்பு வெளியே நிற்பது, அல்புமினோ நீரோடு நீராகக் கலந்து நின்று அதை இழுத்து வைத்திருப்பது. அது குறைந்தால் மெல்லிய மயிர்க்குழாய்களில் இருந்து நீர் கசிந்து இழையங்களில் தேங்கும். புவியீர்ப்பினால் முதலில் கணுக்காலில் தெரியும். பெருவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கும். இதைவிடக் கொழுப்பமிலங்கள், கல்சியம், பல மருந்துகள் ஆகியவற்றைச் சுமந்து செல்லும் வண்டியாகவும் அல்புமின் இருக்கிறது. வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் போன்ற சில மருந்துகளை, அல்புமின் குறைந்தவர்களுக்கு வைத்தியர் அளவு பார்த்துக் கொடுப்பது இதனால்தான்.

அடைப்பு எங்கிருந்து வருகிறது?

பித்தக் கல் பொதுக் குழாயில் வந்து சிக்குவது மிகவும் சாதாரணமாகக் காணப்படும் காரணம். பித்தப்பைச் சத்திரசிகிச்சையின்போது குழாயில் ஏற்பட்ட காயம் மாதங்கள், சிலவேளை ஆண்டுகள் கழித்துச் சுருங்கித் தழும்பாகி வழியை மறிப்பதும் உண்டு. சதையியின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோய், அல்லது அதன் நாட்பட்ட அழற்சி, அருகே ஓடும் பித்தக் குழாயை வெளியிலிருந்து நெருக்கும். நோவே இல்லாமல் கண் மஞ்சளாகி, வலப்புற விலாவின் கீழ் பித்தப்பை புடைத்துத் தெரிந்தால், அது பெரும்பாலும் கல்லினால் அல்ல என்று சுவிற்சர்லாந்துச் சத்திரசிகிச்சை நிபுணர் கூர்வோசியே 1890 இல் எழுதிவைத்தது இன்றும் வைத்திய மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. நோவில்லாத மஞ்சள் நல்ல மஞ்சள் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மலக்கூட வசதி குறைந்த இடங்களில் பரவும் வட்டப்புழு குடலிலிருந்து மேலேறிப் பித்தக் குழாயில் நுழைவதும் உண்டு. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் இது பெருமளவில் கண்டறியப்பட்டு ஆராயப்பட்டுள்ளது. தாய்லாந்தின் வடகிழக்கிலோ கதை வேறு. அங்குள்ள கிராமத்தவர் நன்னீர் மீனைப் பச்சையாக அரிந்து தேசிப்புளியும் மிளகாயும் சேர்த்து உண்பர். அம்மீனில் இருக்கும் ஒரு தட்டைப்புழு பித்தக் குழாயில் ஆண்டுக்கணக்கில் குடியிருந்து, குழாயைத் தடிக்கச்செய்து, கடைசியில் பித்தக் குழாய்ப் புற்றுநோயையும் வரவழைக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1994 இல் இந்தப் புழுவைப் புற்றுநோயை உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்தது. மீன் குளத்தையும் மலக்கூடத்தையும் அடுப்பையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாமல் அங்கே அந்த நோயைக் குறைக்க முடியாது.

பச்சிளங் குழந்தைகளில் வரும் அடைப்பைத் தனியாகப் பின்னர் பார்ப்போம். அது தாமதத்தைப் பொறுக்காத நோய்.

அடைப்பிலிருந்து அல்புமின் குறைவு வரை

குழாய் அடைபட்ட முதல் நாட்களில் அல்புமின் குறைவதில்லை. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். அல்புமினின் பாதி அளவு அழிந்துபோவதற்கு ஏறத்தாழ மூன்று கிழமைகள் எடுக்கும். ஆகவே ஈரல் இன்று தயாரிப்பை முற்றாக நிறுத்தினாலும், களஞ்சியத்தில் உள்ள பழைய நெல்லை வைத்துச் சமாளிப்பதுபோல உடல் சில கிழமைகளுக்குச் சமாளிக்கும். பிலிருபின் மிக உயர்ந்து அல்புமின் சரியாக இருந்தால் அடைப்பு அண்மையில் வந்தது என்றும், இரண்டும் கெட்டிருந்தால் நோய் நாட்பட்டது அல்லது கிருமித்தொற்றும் சேர்ந்துள்ளது என்றும் வைத்தியர் ஊகிப்பது இதனால்தான். ஒரே ஒரு குருதிப் பரிசோதனைத் துண்டு, நோயாளி வீட்டில் எவ்வளவு காலம் தாமதித்தார் என்பதையும் ஓரளவு சொல்லிவிடுகிறது.

குறைவு ஒரே வழியால் வருவதில்லை. அவற்றில் முதன்மையானது ஈரல் கலங்களே பாதிக்கப்படுவதாகும். வெளியேற முடியாத பித்தம் பின்னோக்கித் தேங்கும்போது குழாய்கள் விரிகின்றன. கொழுப்பைக் கரைக்கும் பித்த உப்புகள், செறிவு கூடும்போது ஈரல் கலங்களின் மென்சவ்வையும் விட்டுவைப்பதில்லை. கலங்கள் காயமடைய, குழாய்களைச் சுற்றி நார் இழையம் வளர்கிறது. இந்த நார்கள் ஒன்றோடொன்று தொடுத்துக்கொண்டு ஈரலைச் சிறு முடிச்சுகளாகப் பிரித்து இறுக்கிவிடும் நிலையை வைத்தியர்கள் ‘சிரோசிஸ்’ என்பர். மதுவால் மட்டுமே சிரோசிஸ் வரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒரு துளி மதுவும் தொடாத தாய்மார் இந்நோய்க்கு ஆளாகி, அதற்குமேல் ஊர்வாயையும் சுமப்பது கொடுமை. நீடித்த பித்த அடைப்பு ஒன்றே அதற்குப் போதும். அதற்கு மாதங்களோ ஆண்டுகளோ எடுக்கலாம். தொழிற்சாலையின் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனால் உற்பத்தி குறைவதுபோலவே இங்கும் அல்புமின் தயாரிப்புக் குறைகிறது.

அடுத்தது கிருமித்தொற்று. ஓடாத நீரில் பாசி பிடிப்பதுபோல ஓடாத பித்தத்தில் குடற்கிருமிகள் பெருகும். குளிரோடு காய்ச்சல், வலப்புற மேல் வயிற்றில் நோவு, மஞ்சள் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது பித்தக் குழாயில் தொற்று ஏற்பட்டதன் அடையாளம், அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நிலை. தொற்று வந்ததும் நோயெதிர்ப்புக் கலங்கள் சில இரசாயனத் தூதுகளை ஈரலுக்கு அனுப்புகின்றன. ஈரல் உடனே தன் வேலைத் திட்டத்தை மாற்றி, கிருமியோடு போராட உதவும் வேறு புரதங்களை அவசரமாகத் தயாரிக்கத் தொடங்குகிறது. அல்புமின் தயாரிப்பைப் பின்தள்ளிவிடுகிறது. அதேவேளை அழற்சியால் மயிர்க்குழாய்களின் சுவர் தளர்ந்து, இருக்கும் அல்புமினும் வெளியே கசிகிறது. இக்காரணத்தால் கடுந்தொற்றின்போது அல்புமின் கிழமைகளில் அல்ல, நாட்களிலேயே இறங்கக் காண்கிறோம்.

மூன்றாவது வழி வீட்டுக் குசினியில் இருக்கிறது. பித்தம் குடலுக்கு வராதபடியால் கொழுப்புச் சமிபாடு அடையாமல் மலத்தோடு போகிறது. நோயாளிக்குப் பசியில்லை, ஓங்காளம், இரவில் அரிப்பினால் நித்திரையும் இல்லை. உடலுக்கு எரிபொருள் போதாமல் தசைப் புரதம் எரிகிறது. ஈரல் அல்புமினைக் கட்டுவதற்கு அமினோ அமிலங்கள் வேண்டும், அவை உணவுப் புரதத்தில் இருந்தே வரவேண்டும். சுவர் கட்டும் மேசனுக்குக் கல் கொடுக்காமல் கூலி மட்டும் கொடுத்து என்ன பயன்? சரியாக இந்த நேரத்தில்தான் நமது பத்தியமும் வந்து சேர்கிறது. மீன், முட்டை, பால், பருப்பு எல்லாம் விலக்கி, கஞ்சியும் வெறுஞ்சோறுமாக மாதக்கணக்கில் கொடுக்கிறோம். ஈரல் பாதிப்பினால் இறங்கவேண்டிய அளவுக்கும் கீழாக அல்புமினை இறக்கிவிடுவது பல வேளைகளில் இந்தப் பத்தியமே.

ஈரல் இறுகிய பின்னர் இன்னொன்றும் சேரும். குடலிலிருந்து ஈரலுக்குக் குருதியைக் கொண்டுவரும் வாயினாளத்தில் அமுக்கம் கூடி, வயிற்றறையில் நீர் கசிந்து தேங்கும். நமது மூத்தோர் மகோதரம் என்று சொன்னது இதனையும் உள்ளடக்கியதே. தேங்கிய நீரோடு அல்புமினும் போகிறது. உடல் உப்பையும் நீரையும் பிடித்து வைப்பதால் குருதியில் மிஞ்சிய அல்புமின் மேலும் ஐதாகிறது.

நகத்திலும் ஓர் அடையாளம் தெரியலாம். அல்புமின் நீண்டகாலம் மிகக் குறைவாக, டெசிலீற்றருக்கு 2.2 கிராமுக்கும் கீழே இருப்பவர்களின் விரல் நகங்களில் குறுக்கே இரட்டை இரட்டையாக வெண்கோடுகள் தோன்றுவதை மியூர்க்கே என்ற அமெரிக்க வைத்தியர் 1956 இல் விபரித்தார். அல்புமின் உயர்ந்ததும் அவை மறைந்துவிடும். ஆனால் நகத்தை மட்டும் பார்த்து நோயை முடிவுசெய்யக் கூடாது. கால் வீக்கத்தையும் அப்படியே. சிறுநீரக நோய், இருதய நோய், வெறும் போசாக்கின்மை, கர்ப்பகாலம் என்று அதற்குப் பல காரணங்கள் உள்ளன. சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனை பல குழப்பங்களைத் தீர்த்துவைக்கும்.

ஊசியால் திருத்தக்கூடியதும் முடியாததும்

பித்த அடைப்பு நோயாளிகளைச் சத்திரசிகிச்சை செய்தால் குருதி உறையாமல் ஒழுகியே இறந்துபோவது ஒரு காலத்தில் சாதாரணமாக இருந்தது. டென்மார்க் விஞ்ஞானி ஹென்றிக் டாம் 1929 இல் கொழுப்பில்லாத தீனி கொடுத்த கோழிக்குஞ்சுகள் குருதி கசிந்து இறப்பதைக் கண்டார். குறைவாக இருந்த அந்தப் பொருளுக்கு 1935 இல் விற்றமின் கே என்று பெயரிட்டார். பித்தம் இல்லாவிட்டால் இந்த விற்றமின் உடலில் சேராது, அது இல்லாவிட்டால் குருதி உறையும் காரணிகள் சிலவற்றை ஈரலால் முடித்துவைக்க முடியாது. 1938 அளவில் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டார்கள். டாமுக்கும் அமெரிக்கர் டொய்சிக்கும் 1943 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று ஒரு சிறு ஊசி ஏறத்தாழ ஒரு நாளுக்குள் உறைதலைச் சீர்செய்துவிடும். அவ்வாறு சீராகாவிட்டால், குறை விற்றமினில் இல்லை, ஈரல் கலங்களே நலிந்துவிட்டன என்று பொருள்.

அல்புமினுக்கும் அப்படி ஓர் ஊசி இல்லையா என்று கேட்பார்கள். போத்தலில் அடைத்த அல்புமின் உண்டு. தானம் செய்யப்பட்ட மனிதக் குருதியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கும் முறையை ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எட்வின் கோன் உருவாக்கினார். 1941 டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தில் காயப்பட்டோருக்கு அது ஏற்றப்பட்டது. 20 சதவீதமான 100 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் இருப்பது 20 கிராம். சுகமான ஈரல் இரண்டு நாளுக்குள் தயாரித்துவிடும் அளவு அது! ஏற்றிய அல்புமினும் சில நாட்களுள் பெரும்பகுதி குருதிக் குழாய்களுக்கு வெளியே பரவிவிடும். வயிற்றிலிருந்து பல லீற்றர் நீரை ஒரேயடியாக எடுக்கும்போதும், அந்நீரில் கிருமித்தொற்று வந்தபோதும் வைத்தியர் இதை ஏற்றுவதற்குத் தக்க காரணம் உண்டு. அறிக்கையில் உள்ள எண்ணை உயர்த்துவதற்காக மட்டும் நகையை அடைவு வைத்துப் போத்தல் வாங்க ஓடுவது வீண். அடைப்பு அப்படியே இருக்க அல்புமினை ஏற்றுவது, அடி ஓட்டையான வாளியில் நீர் வார்ப்பதைப் போன்றது.

ஆகவே செய்யவேண்டியது வழியைத் திறப்பதே. வயிற்றைக் கிழிக்காமல் வாய்வழியே ஒரு நெகிழும் குழாயைச் செலுத்தி, முன்சிறுகுடலில் பித்தக் குழாய் திறக்கும் வாயைக் கண்டு, அதைச் சற்று வெட்டி விரித்துக் கல்லை எடுக்கும் முறை 1974 இல் யப்பானிலும் ஜேர்மனியிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் செய்யப்பட்டது. ஈ.ஆர்.சி.பி. என்று வாட்டுகளில் சொல்லக் கேட்பது இதனைத்தான். கல்லை எடுக்க முடியாத இடத்தில், அல்லது புற்றுநோய் மறித்த இடத்தில், ஸ்ரென்ட் என்னும் சிறு குழாயை உள்ளே வைத்துப் பித்தத்தை ஓடவிடுவார்கள். சிலருக்குச் சத்திரசிகிச்சை மூலம் பித்தக் குழாயைக் குடலோடு பொருத்துவார்கள்.

வழி திறந்தால் இறுகத் தொடங்கிய ஈரல் மீளுமா? இறுகிய ஈரல் இறுகியதுதான் என்று முன்னர் நம்பப்பட்டது. சதையியின் நாட்பட்ட அழற்சியால் பித்தக் குழாய் நெருக்கப்பட்ட ஒரு சிறு தொகை நோயாளரில், பித்தத்தை வழிமாற்றி விட்டபின் ஈரலின் நார்த்தழும்பு குறைந்திருப்பதைப் பிரெஞ்சு வைத்தியர்கள் 2001 இல் வெளியிட்டனர். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. முற்றிய நிலையில் மாற்று ஈரல் பொருத்துவதே மிஞ்சும். ஆனாலும் முந்தித் திறப்பதில் பலன் உண்டு என்பதற்கு அது நல்ல சான்று.

சிசுவின் மலத்தைப் பாருங்கள்

பிறந்த சில நாட்களில் குழந்தை மஞ்சளாவது சாதாரணம். பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் மறைந்துவிடும். இளவெயிலில் பிடித்தால் போகும் என்று பாட்டிமார் சொல்வார்கள். இரண்டு கிழமையைத் தாண்டியும் மஞ்சள் நின்றால், வெயிலை நம்பிக் காத்திருக்கக் கூடாது. சில சிசுக்களில் பித்தக் குழாய்கள் அழற்சியால் மூடுண்டு நாராகிப் போகின்றன. ஐரோப்பாவில் 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவிலும், தாய்வானில் அதைவிடக் கூடுதலாகவும் இது காணப்படுகிறது. சிகிச்சையின்றி விட்டால் இக்குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோர் இரண்டு வயதைக் காண்பதில்லை. உலகில் முதன்முதலாக 1963 இல் அமெரிக்காவின் டென்வரில் ஈரல் மாற்றம் செய்யப்பட்ட நோயாளி இந்நோயுள்ள மூன்று வயதுக் குழந்தையே. அக்குழந்தை சத்திரசிகிச்சையிலேயே உயிரிழந்தது.

யப்பானின் மொரியோ கசாய் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1950களில் வேறொரு வழியைக் கண்டார். நாராகிப்போன குழாய்களை அகற்றி, குடலின் ஒரு துண்டை நேரே ஈரலின் வாயிலில் தைத்துவிடும் முறை அது. குழந்தைக்கு 60 நாள் ஆகுமுன் செய்தால் பித்தம் ஓடும் வாய்ப்பு நன்றாக இருக்கும். நாள் போகப்போக ஈரல் இறுகும், அல்புமின் இறங்கும், வாய்ப்பும் குறையும். 60 நாள் என்பது எவ்வளவு குறுகிய காலம் என்பதைத் தூரத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸேறிப் பெரிய வைத்தியசாலைக்குப் போகும் தாய்மார் அறிவர்.

இதற்கு விலைகூடிய கருவி எதுவும் வேண்டியதில்லை, கண் போதும். இக்குழந்தைகளின் மலம் மஞ்சளாக இராது. வெண்களிமண் அல்லது சாம்பல் நிறமாக வெளிறியிருக்கும். சிறுநீரோ, சிசுவுக்கு நிறமின்றி இருக்கவேண்டியது, துணியில் மஞ்சட் கறை படியும்படி இருக்கும். தாய்வானில் மல நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்றைத் தாய்மாருக்குக் கொடுத்து 2004 முதல் நாடு முழுவதும் இந்நோயைத் தேடினார்கள். நேரத்தோடு சத்திரசிகிச்சை பெற்ற குழந்தைகளின் விகிதம் அதனால் உயர்ந்தது. நம் நாட்டிலே பிரசவத்தின் பின் வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் தாய்மார் மலத்தின் நிறத்தைச் சொல்லத் தயங்கக் கூடாது. முடிந்தால் அந்தத் துணியையே காட்டலாம்.

பெரியவர்களுக்கும் இதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும். மலம் வெளிறியுள்ளதா? சிறுநீர் கறுத்த தேநீர் போலப் போகிறதா? உடலெல்லாம் அரிப்பா? ஆம் என்றால் கைமருந்துக்கு நேரமில்லை. ஸ்கான் எடுத்துப் பித்தக் குழாய் விரிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

எதை உண்பது?

ஈரல் நோயாளிக்குப் புரதம் ஆகாது என்ற பழைய கருத்தை வைத்திய உலகம் கைவிட்டுவிட்டது. சிரோசிஸ் உள்ளவருக்கும் உடல் நிறையின் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும் என்றே இப்போது விதந்துரைக்கப்படுகிறது. 50 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் உண்டு. சமைக்காத பருப்பு அல்லது பயறு 100 கிராமில் 24 கிராம் அளவில் உண்டு. ஒரு கோப்பைப் பாலில் 6 அல்லது 7 கிராம். கௌபி, சோயா, மீன் எல்லாம் சேர்த்தால் எட்டக்கூடிய கணக்குத்தான். நெத்தலிக் கருவாட்டில் புரதம் நிறைய உண்டு, ஆனால் கால் வீக்கமும் வயிற்று நீரும் உள்ளவருக்கு அதன் உப்புக் கேடு. பச்சை மீனே நல்லது. வயிற்றைக் கனக்கவைக்கும் மூன்று வேளைக்குப் பதிலாகச் சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுக்கலாம். படுக்கைக்குப் போகுமுன் ஏதாவது உண்பது நல்லது. இரவு முழுவதும் பட்டினி கிடந்தால் தசை கரையும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, பித்தம் வராதவருக்குப் பொரியல் வகைகள் வயிற்றைப் புரட்டும் என்பது மெய். அதற்காகக் கொழுப்பை அடியோடு நிறுத்துவது சரியல்ல. கொழுப்பமிலங்களில் நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட சில வகைகள் பித்தத்தின் உதவி அதிகமில்லாமலே உடலில் சேரும். தேங்காயில் அவ்வகை ஓரளவு உண்டு. ஆகவே அளவான சொதி பயமில்லை. வைத்தியசாலையில் இதற்கெனக் கொடுக்கும் தனியான எண்ணெய்க்குத் தேங்காய் எண்ணெய் ஈடாகாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். விற்றமின் ஏ, டி, ஈ, கே என்பவற்றை வைத்தியர் தனியாக எழுதிக் கொடுத்தால் அவற்றை விடாமல் எடுக்க வேண்டும்.

அடைப்பு நீங்கியபின் வீட்டாரைக் கலங்கவைக்கும் ஒரு விடயம் உண்டு. சிறுநீர் தெளிந்துவிடும், மலம் நிறம் பெற்றுவிடும், அரிப்பு நின்றுவிடும், ஆனால் கண்ணின் மஞ்சள் மட்டும் கிழமைக்கணக்கில் நிற்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்று எண்ணி மீண்டும் மந்திரத்துக்கும் சூடுபோடுவதற்கும் போய்விடுவோர் உள்ளனர். நீண்ட அடைப்பின்போது பிலிருபினில் ஒரு பகுதி அல்புமினோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொள்கிறது. அந்த அல்புமின் அழியும்வரை, அதாவது முன்னர் சொன்ன மூன்று கிழமைக் கணக்கில்தான், அந்த மஞ்சளும் குறையும். புதிய அல்புமின் நிரம்புவதற்கும் அதே காலமோ அதற்கும் கூடவோ எடுக்கும். முதற் கிழமையிலேயே பரிசோதனை செய்து எண் உயரவில்லை என்று மனம் உடையத் தேவையில்லை.

ஸ்ரென்ட் வைத்தவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளாஸ்ரிக் ஸ்ரென்ட் என்றால் ஏறத்தாழ மூன்று மாதத்தில் படிவு படிந்து அடைபடத் தொடங்கும். அதற்குள் மாற்றவோ எடுக்கவோ வேண்டும். சுகமாகிவிட்டது, வயல் வேலை தொடங்கிவிட்டது, கிளினிக்குக்குப் பிறகு போவோம் என்று விட்டவர்கள் குளிர்காய்ச்சலோடு திரும்பி வருகிறார்கள். வாட்டிலிருந்து வெளியேறும்போதே வைத்த ஸ்ரென்ட் எவ்வகை, எப்போது வரவேண்டும் என்று கேட்டு, அந்தத் திகதியைக் கிளினிக் புத்தகத்தில் எழுதுவித்து, வீட்டுக் கலண்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் குளிரோடு காய்ச்சல் வந்தால் அந்தத் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.